சங்கிலியா, கயிறா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில், இயந்திரவியல் துறை அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "சிங்கப்பூர்லேர்ந்து வர்றே, பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசு. ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடு" என்றார். வெற்றிக்கு ஏழு படிகள் என்றெல்லாம் பேச நான் அத்தனை படி ஏறியவன் அல்ல. அதனால், நான் சறுக்கி விழுந்த ஒரு படியைப் பற்றிப் பேசுகிறேன். விழுந்த இடம் கடல். விஷயம், படகின் நங்கூரச் சங்கிலிக்கு ஒரு கயிறு கட்டுவது. "மெக்கானிக்கல் படிச்சவனுக்கு இதென்னடா வேலை?" என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் நம் லேபிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2008, இரண்டாம் ஆண்டு, ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பிராக்டிகல் தேர்வு. யூ.டி.எம். மெஷினில் இரும்புக் கம்பியை இழுத்து அறுத்துவிட்டு, வெற்றிப் புன்னகையோடு வைவாவுக்கு நின்றேன். கேள்வி கேட்டவர் நம் துறைப் பேராசிரியர்தான். பெயர் சொன்னால் கூச்சப்படுவார். இதோ இரண்டாம் வரிசையில்தான் இருக்கிறார். கேட்டார்: "சேத்துல சிக்கின லாரியை இன்னொரு லாரி வெடுக்குனு இழுக்கணும். சங்கிலி கட்டுவியா, நைலான் கயிறு கட்டுவியா?"

"சங்கிலி சார். அதுதான் ஸ்ட்ராங்."

"ரெண்டும் ஒரே லோடுலதான் அறுபடும்னு வெச்சுக்கோ. இப்போ?"

"அப்பவும் சங்கிலிதான் சார். இரும்பாச்சே!"

சார் ஒன்றும் சொல்லவில்லை. "சரி, போ" என்றார். நானும் சரியாகச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு கேண்டீனுக்குப் போய் டீ குடித்தேன். மார்க் வந்தபோதுதான் தெரிந்தது. ஏன் குறைந்தது என்று நான் போய்க் கேட்கவில்லை. அந்தச் சோம்பேறித்தனத்துக்குப் பதினைந்து வருஷம் கழித்து வட்டியோடு கட்டினேன்.

இனி கடலுக்கு வருவோம். சிங்கப்பூரில் எனக்கு வேலை, ஆலைகளுக்கான பைப் லைன் டிசைன். அங்கே பழக்கமானவர் பினாங்குத் தமிழர் ஒருவர். சரக்குக் கப்பல்களில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபதுக்கு மேல் என்றாலும் எங்களுக்கு அவர் அண்ணன்தான். பழைய கேட்டமரான் ஒன்றை வாங்கிப் பினாங்கில் வைத்திருந்தார். 38 அடி நீளம், பாய்மரமும் உண்டு, இரண்டு என்ஜினும் உண்டு. விடுமுறை கிடைத்தால் நான் போய் அவருக்கு எடுபிடி.

கேட்டமரான் என்ற சொல்லே நம்முடைய கட்டுமரம்தான். 1697-இல் அச்சான தன் பயணநூலில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை எழுதிவைக்க, அது ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் இரட்டை உடல் கொண்ட படகுக்கு அந்தப் பெயர் போய்விட்டது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்கு ஒரு வேலை இருக்கிறது.

நங்கூரம் தன் எடையால் படகைப் பிடித்து நிறுத்துகிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. அது கலப்பை மாதிரி கடலடி மண்ணில் புதைந்து பிடிக்கிறது. புதைந்தே இருக்க வேண்டுமானால், இழுவை தரையை ஒட்டிக் கிடைமட்டமாக வரவேண்டும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொள்ளும். அதற்குத்தான் நீளமாகச் சங்கிலி விடுவது. 6 மீட்டர் ஆழம், தண்ணீருக்கு மேல் படகின் முனை 1.5 மீட்டர் உயரம், ஆக 7.5 மீட்டர். அதைப் போல 5 மடங்கு, சுமார் 37 மீட்டர் சங்கிலி. அலை ஏற்றத்தில் தண்ணீர் எவ்வளவு உயரும் என்பதையும் முதலிலேயே ஆழத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். பலர் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இலேசான காற்றில் அந்தச் சங்கிலி தொய்ந்து வளைந்து தொங்கும். கேட்டனரி என்று படித்தோமே, அதே வளைவுதான். 1691-இல் லைப்னிஸ், ஹைகன்ஸ், ஜோஹன் பெர்னூலி மூவரும் விடை கண்ட கணக்கு. படகு பின்னால் போனால் தொய்வு நிமிரும். காற்று தணிந்தால் மறுபடி தொய்யும். பார்ப்பதற்கு அருமையான ஸ்பிரிங்.

ஆனால் இந்த ஸ்பிரிங்குக்கு ஓர் எல்லை உண்டு. 10 மில்லிமீட்டர் சங்கிலி தண்ணீருக்குள் மீட்டருக்குச் சுமார் 2 கிலோ எடை. மேலே சொன்ன அளவுகளைக் கேட்டனரி கணக்கில் போட்டால், இழுவை 180 கிலோவை எட்டியதும் சங்கிலி முழுவதும் தரையைவிட்டு எழும்பிவிடும். படகின் முகப்புப் பரப்பு 20 சதுர மீட்டர் என்று வைத்தால், 20 நாட் காற்றில் சுமார் 130 கிலோ இழுவை. 25 நாட்டில் 200. 40 நாட்டில் 520. காற்று இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு; தம்பிகளுக்குத் தெரிந்ததுதான். ஆக 25 நாட்டிலேயே வளைவு நிமிர ஆரம்பித்துவிடுகிறது. அதற்கு மேல் அது ஸ்பிரிங் இல்லை, இரும்புக் கம்பி. ஸ்பிரிங் எப்போது உண்மையில் தேவையோ அப்போது அது இருக்காது.

அந்த இடத்தை நிரப்பத்தான் நீளும் கயிறு. ஒற்றை உடல் படகில் கட்டும் ஒற்றைக் கயிறுக்கு ஸ்னப்பர் என்று பெயர். கேட்டமரானில் இரண்டு முனையிலிருந்தும் இரண்டு கயிறு வந்து சங்கிலியில் சேரும். அதற்குப் பெயர் பிரைடில், அதாவது கடிவாளம். குதிரைக்குப் போல இரண்டு பக்கமும் பிடிப்பதால் படகு காற்றுக்கு முகம் காட்டி நிற்கும், இடதும் வலதுமாக அலைபாய்வது குறையும். சங்கிலி தூக்கும் விண்ட்லாஸ் யந்திரத்தின் மேல் சுமை வராது. சங்கிலி கல்லில் உரசும் கரகரச் சத்தம் படகுக்குள் ஏறாது, நிம்மதியாகத் தூங்கலாம்.

2023 ஜூலை. படகின் கடிவாளக் கயிறு நைந்துபோயிருந்தது. அண்ணனுக்கு முழங்கால் வலி. "நீயே வாங்கிட்டு வந்து கட்டிடு தம்பி" என்றார். என் புத்தி என்ன செய்தது? பழையது 14 மில்லிமீட்டர் நைலான், ஆளுக்குப் பத்து மீட்டர் இரண்டு கயிறு. மெலிசாக இருப்பதால்தான் நைந்தது என்று முடிவு கட்டினேன். படகுச் சாமான் கடைக்குப் போய் 24 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் கயிறு வாங்கினேன். அறுபடும் சுமை 10 டன்னுக்கு மேல். நீளமாக இருந்தால் சிக்கும் என்று ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டரோடு முடித்துக்கொண்டேன். கயிறு கட்டும் கொம்பு, அதுதான் கிளீட், அதில் அந்தத் தடிக் கயிறு ஒழுங்காகச் சுற்றக்கூட இடமில்லை. திணித்துக் கட்டினேன்.

அண்ணன் தடவிப் பார்த்துவிட்டு, "பழசு இன்னும் மெலிசா, நீளமா இருந்திச்சே?" என்றார். "அண்ணே, ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி கணக்குப் பார்த்தாச்சு. இது ஜென்மத்துக்கும் அறுகாது" என்றேன். நான் டிகிரி வாங்கியவன், வேலையும் டிசைன். அவர் மேலே பேசவில்லை.

பினாங்கிலிருந்து லங்காவி போனோம். தெற்கே தாயாங் புந்திங் என்று ஒரு தீவு. கர்ப்பிணிப் பெண் என்று பொருள். மலைமுகடு அப்படிப் படுத்திருக்கும். அதன் ஓரத்தில் நங்கூரம் போட்டோம். எங்களுக்குப் பின்னால் அறுபது மீட்டரில் இன்னொரு படகு. கணவன், மனைவி, எட்டு வயதிருக்கும் ஒரு பையன். சாயங்காலம் அந்தப் பையன் எங்களைப் பார்த்துக் கையசைத்தான்.

மலாக்கா நீரிணைப் பக்கத்தில் 'சுமத்ரா' என்று ஒரு புயல்வரிசை உண்டு. சுமத்ரா தீவுப் பக்கம் திரண்டு, பெரும்பாலும் பின்னிரவிலோ விடியலிலோ வந்து அடிக்கும். அன்றைக்கு மூன்றரை மணிக்கு வந்தது. முதலில் மின்னல், அப்புறம் திடீர்க் குளிர், அப்புறம் காற்று. மீட்டரில் 20, 28, 38 என்று ஏறிற்று. காற்று கொஞ்சம் தணியும்போது படகு முன்னே நகரும். அடுத்த வீச்சில் பின்னே பாயும். பாய்ந்து முடியுமிடத்தில் ஒரு உதறல். சுவரில் மோதிய மாதிரி. அலமாரியிலிருந்த தட்டுகள் விழுந்தன. ஐந்தாவதோ ஆறாவதோ உதறலில் 'டமார்' என்று ஒரு சத்தம்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது பக்கக் கிளீட் இல்லை. போல்ட்டு, வாஷர், சாப்பாட்டுத் தட்டளவு ஃபைபர் தளம், எல்லாம் சேர்ந்து பிய்ந்து போயிருந்தது. ஒரு பக்கக் கயிற்றில் மட்டும் தொங்கிய படகு, காற்றுக்கு விலாவைக் காட்டித் திரும்பிற்று. பரப்பு கூடியது, இழுவை கூடியது, நங்கூரம் பிடியை விட்டது. பின்னால் அந்தப் படகு நெருங்கி வருகிறது. உண்மையில் போவது நாங்கள். அந்தத் தகப்பன் மோதலைத் தாங்க ரப்பர் பெண்டர்களை ஓடி ஓடிக் கட்டுகிறார். பையன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அந்த வெளிச்சம் என் முகத்தில் அடித்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

நல்லவேளை, அண்ணன் முதல் மின்னலிலேயே இரண்டு என்ஜினையும் ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தார். அது கப்பல்காரரின் புத்தி. முழு வேகத்தில் முன்னே ஓட்டிப் பிடித்தார். இடைவெளி பதினைந்து மீட்டரில் நின்றது. முக்கால் மணி நேரத்தில் காற்று அடங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

விடிந்ததும் அண்ணன் காப்பியோடு வந்து என் கயிற்றை எடுத்துப் பார்த்தார். ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை. கடையில் வாங்கின மாதிரியே பளபளவென்று இருந்தது. "கயிறு பாஸ் தம்பி. படகுதான் ஃபெயில்" என்றார்.

அப்போதுதான் சாரின் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று புரிந்தது.

கணக்கைப் பாருங்கள். படகு 9 டன். விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பின்னே பாய்கிறது. அதன் இயக்க ஆற்றல் 4,500 ஜூல். ஒரு நல்ல எருமை மாட்டை ஒரு மீட்டர் தூக்குவதற்குச் சமம். நீளாத கயிறும் நிமிர்ந்த சங்கிலியுமாக அந்தப் படகை 10 சென்டிமீட்டரில் நிறுத்தினால், சராசரி விசை நாலரை டன். உச்ச விசை இன்னும் அதிகம். 10 மில்லிமீட்டர் சாதாரணச் சங்கிலி அறுபடும் சுமையே 4, 5 டன்தான். அதே படகை நைலான் கயிறு ஒரு மீட்டர் நீண்டு நிறுத்தினால், சராசரி 450 கிலோ. உச்சத்தில் 900 என்றாலும் இரண்டு கயிறுக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு 450. 4 டன் தாங்கும் 14 மில்லிமீட்டர் கயிறுக்கு அது தூசு. ஆற்றல் ஒன்றுதான், நிறுத்தும் தூரம்தான் வேறு. ஸ்ட்ரெஸ்-ஸ்ட்ரெயின் கோட்டின் உயரத்தை மட்டும் பார்த்தேன். அதற்குக் கீழே இருக்கும் பரப்பைப் பார்க்கவில்லை. நீளாத பொருள் எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாது, வாங்கிய உதறலை அப்படியே அடுத்தவன் தலையில் கட்டிவிடும். என் கயிறு கிளீட்டின் தலையில் கட்டியது.

இதில் வெட்கம் என்ன தெரியுமா? சூட்டில் நீளும் பைப் லைன் முட்டி உடையாமல் இருக்க, வளைத்து எக்ஸ்பான்ஷன் லூப் போடுவதுதான் என் அன்றாட வேலை. விறைப்பாக வைத்தால் சப்போர்ட் பிய்யும் என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுப்பவன் நான். ஆபீஸில் தெரிந்தது படகில் தெரியாமல் போயிற்று.

சரி, எப்படித்தான் கட்ட வேண்டும்? இங்கே சிலர் நேவியிலும் துறைமுகத்திலும் இருக்கிறீர்கள், சிலர் ரிட்டயர் ஆனபின் படகு வாங்கும் கனவில் இருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

கயிறு மூன்று புரி நைலானாக இருக்கட்டும். பாலியெஸ்டர் குறைவாகத்தான் நீளும். டைனீமா நீளவே நீளாது என்றே சொல்லலாம். 10 மில்லிமீட்டர் சங்கிலிக்குப் படகின் எடையைப் பொறுத்து 12 முதல் 16 மில்லிமீட்டர் கயிறு. தடித்தால் நீளாது, மிக மெலிந்தால் நீண்டு நீண்டு உள்ளே சூடேறி நலியும். நைலான் நனைந்தால் பத்துப் பதினைந்து சதவீதம் பலம் குறையும், அதையும் கணக்கில் வையுங்கள். நீளம் எட்டுப் பத்து மீட்டர் இருந்தால்தான் நீள இடமிருக்கும்.

கிளீட்டுக்கு அடியில், தளத்தின் உட்புறம், அகலமான உலோகத் தகடு வைத்து போல்ட் போடுங்கள். எங்கள் படகில் சின்ன வாஷர்தான் இருந்தது. அதைக் குனிந்து பார்க்காததும் என் தப்புதான்.

நங்கூரம் இறக்கி, மெதுவாகப் பின்னே வந்து அது மண்ணில் பிடித்ததும் கடிவாளத்தைச் சங்கிலியில் மாட்டுங்கள். கொக்கியாக இருந்தால் கழன்று விழாத தாழ்ப்பாள் உள்ளதாகப் பாருங்கள். கொக்கி இல்லையென்றால் கயிற்றையே ரோலிங் ஹிட்ச் முடிச்சுப் போட்டும் கட்டலாம். பிறகு, சுமை இரண்டு கயிற்றுக்கும் சமமாக மாறும்வரை சங்கிலியை விடுங்கள். மாறிய பிறகும் இன்னும் இரண்டு மூன்று மீட்டர் விடுங்கள். கொக்கிக்கும் படகுக்கும் நடுவே சங்கிலி தொளதொளவென்று தொங்க வேண்டும். அந்தத் தொய்வு கயிறு நீளும் அளவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கயிறு நீளுவதற்குள் சங்கிலி இறுகிவிடும், பாடுபட்டது வீண். அதற்கப்புறம்தான் என்ஜினைப் பின்னோக்கி நன்றாக ஓட்டிப் பிடியைச் சோதிக்க வேண்டும்.

சங்கிலியின் மேல்முனையைத் தனியாக ஒரு தடுப்பில் பூட்டுங்கள். கடிவாளம் அறுந்தாலும் சுமை விண்ட்லாஸில் இறங்கக் கூடாது. கயிறு உரசும் இடங்களில் பழைய துணி ஃபயர் ஹோஸ் துண்டைச் சுற்றுங்கள். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். கிளீட்டில் கொஞ்சம் உபரிக் கயிறு வையுங்கள். நீண்ட புயலில் அவ்வப்போது அரை அடி விட்டால் உரசும் இடம் மாறும். இழுபட்ட நைலானுக்கு நேராக மட்டும் நிற்காதீர்கள். அறுந்தால் சவுக்காக அடிக்கும். வெயிலில் வெளுத்துச் சொரசொரப்பான கயிறை யோசிக்காமல் மாற்றுங்கள்.

நைந்துபோன பழைய கயிற்றைப் பார்த்து நான் குறை சொன்னேனே, அது நைந்தது வேலை செய்ததால். ஒவ்வொரு உதறலையும் தானே வாங்கிக்கொண்டு படகைக் காப்பாற்றியிருக்கிறது. மாற்றவேண்டிய பொருளாக இருப்பதே அதன் உத்தியோகம்.

நம் கட்டுமரத்துக்கு வருகிறேன். மரங்களை ஆணியடித்து இறுக்காமல் கயிற்றால் கட்டினார்கள். அலை மோதும்போது கட்டு கொஞ்சம் இளகும், மரம் பிளக்காது. இன்று பல இடங்களில் ஃபைபர் படகு அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. ஆனால் வளைந்து கொடுப்பதும் ஒரு பலம் என்பதை அந்தக் கட்டு எப்போதோ சொல்லிவிட்டது. எனக்குத்தான் கேட்கவில்லை.

தளத்தைப் பழுதுபார்த்த செலவைக் கொடுக்கப் போனேன். அண்ணன் வாங்கவில்லை. "காசு வேணாம் தம்பி. படிக்கிற பசங்களைப் பார்த்தா இதைச் சொல்லு, அது போதும்" என்றார். அந்தக் கடனைத்தான் இன்று அடைக்கிறேன்.

தம்பி தங்கைகளே, எதை டிசைன் செய்தாலும் "இது உடையுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இது உடையாவிட்டால், சுமை யாரிடம் போகும்?" என்றும் கேளுங்கள். அடுத்த படகில் ஒரு பையன் டார்ச்சோடு நிற்கலாம். அனுபவப்பட்டவர் ஒருவர் "பழசு வேற மாதிரி இருந்திச்சே" என்று சொன்னால், டிகிரியைக் காட்டி அவர் வாயை அடைக்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள். மார்க் குறைந்தால் டீ குடிக்கப் போகாமல் சாரிடம் போய்க் கேளுங்கள்.

சார், பதினைந்து வருஷத்துக்கு மேல் தாமதமாகி விட்டது. நைலான் கயிறு சார். மார்க்கைத் திருத்த முடியுமா என்று தெரியவில்லை.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.